பூஞ்சைகளுக்கு எந்தப் பந்தியில் இலை போடுவது?

காளான் சைவமா, அசைவமா? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் என் பெரியம்மா இதை என்னிடம்தான் கேட்பார். குடும்பத்தில் தாவரவியலை முதுகலை வரை படித்தவன் நான் ஒருவன்தான். பிழைப்போ ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். செடிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிடுவார். என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிவதில்லை. செடி இல்லை, விலங்கும் இல்லை, ஆனால் உறவுமுறை பார்த்தால் கத்தரிக்காயைவிட நமக்குத்தான் நெருக்கம் என்று ஆரம்பிப்பேன். அதற்குள் காளான் வறுவல் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். கோவைப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் 'காளான்' என்று தட்டில் வருவதில் பெரும்பகுதி முட்டைக்கோஸ்தான் என்பதால் அங்கே மட்டும் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

உயிரினங்களை வகைப்படுத்துவதை அருங்காட்சியகத்து வேலையாக நினைப்பவர்கள் பலர். பூஞ்சைகள் விஷயத்தில் அது மருந்துச்சீட்டுவரை வந்து நிற்கிறது. ஓர் உயிரை எந்தப் பந்தியில் உட்காரவைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதற்கு எதிரான மருந்து வேலை செய்யும், அல்லது செய்யாமல் போகும். எப்போதும் அல்ல, அந்த விதிவிலக்கையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்க்கலாம். நாம் உணவை உடலுக்குள் போட்டுக்கொண்டு செரிக்கிறோம். பூஞ்சை செய்வது நேர் எதிர். தான் உட்கார்ந்திருக்கும் பொருளின்மேல் நொதிகளைச் சுரந்து, அதை வெளியிலேயே செரித்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே சாப்பாட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு. உடல் முழுவதும் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இழைகள். ஒவ்வோர் இழையும் நுனியில் மட்டுமே வளரும். உள்ளழுத்தத்தால் நுனி முன்னே தள்ளப்பட்டு மரக்கட்டை, வைக்கோல், நகம், தோல் என எதற்குள்ளும் நுழையும். இந்த இழைகளின் கூட்டத்துக்கு மைசீலியம் என்று பெயர். நாம் காளான் என்று பறிப்பது, அந்த மைசீலியம் வித்துகளைப் பரப்புவதற்காக வெளியே நீட்டும் உறுப்பு மட்டுமே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மல்ஹியூர் காட்டில் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையின் ஒற்றை மைசீலியம் சுமார் 965 ஹெக்டேருக்கு மண்ணுக்கடியில் பரவியிருக்கிறது. அதன் மேல் நடப்பவர் கண்ணில் படுவது மழைக்காலத்தில் அங்கங்கே முளைக்கும் தேன்நிறக் குடைகள்தான்.

பால்காளான் வளர்க்கும் குடில்களுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கவே தேவையில்லை. 1990-களின் இறுதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே-2 ரகத்தை வெளியிட்டபின் நம் வெப்பத்துக்கு ஏற்ற பயிராக அது பரவியது. வேகவைத்த வைக்கோலைப் பாலிதீன் பைக்குள் அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே சோளத்தில் வளர்த்த காளான் வித்தைத் தூவிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நாளாக ஆகப் பை முழுவதும் வெள்ளை படர்ந்து இறுகுகிறது. அந்த வெள்ளைதான் பூஞ்சை. பிறகு படுக்கையை வெட்டி மேலே மண் பரப்பித் தண்ணீர் தெளித்தால், கொஞ்ச நாளில் மொட்டு விட்டுக் காளான் எழும்பும். சந்தைக்குப் போவது அது. அறுவடை முடிந்தபின் எருக்குழிக்குப் போவதில்தான் பூஞ்சையின் உடல் இருக்கிறது.

இழையின் சுவரைச் சோதித்தால் செடிக்குரிய செல்லுலோஸ் அங்கே இல்லை. கைட்டின் இருக்கிறது. நண்டின் ஓட்டிலும் கரப்பான் பூச்சியின் உடல்கூட்டிலும் இருக்கும் அதே பொருள். மிஞ்சிய சர்க்கரையைச் செடிபோல ஸ்டார்ச்சாகச் சேமிக்காமல், நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. செல்சவ்வில் நமக்குக் கொலஸ்டிரால், அதற்கு எர்கோஸ்டெரால். இரண்டும் அமைப்பில் மிக நெருங்கியவை. காளானை வெயிலில் காயவைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் டி2 வைட்டமினாக மாறும். பச்சையம் கிடையாது, ஒளியிலிருந்து ஒரு கவளம்கூடச் சமைத்துக்கொள்ளத் தெரியாது.

இவ்வளவும் இருந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இவற்றைச் செடிகளின் பந்தியில்தான் உட்காரவைத்திருந்தோம். நகராது, மண்ணில் முளைக்கும், செல்லுக்குச் சுவர் உண்டு. இந்த மூன்று காரணங்கள் போதுமாக இருந்தன. ஃபிளாரன்ஸ் நகரத்துப் பியர் அன்டோனியோ மிக்கேலி 1729-லேயே பூஞ்சை வித்துகளை வெட்டிய பழத்துண்டுகளில் தூவி, அதே பூஞ்சை மறுபடி முளைப்பதைக் காட்டியிருந்தார். ஆனால் வகைப்பாட்டியலின் தந்தை என்று நாம் படிக்கும் லின்னேயஸ், 1753-இல் பூஞ்சைகளைத் தாவரங்களின் கடைசி வரிசையில் சேர்த்தார். பிறகு, பூஞ்சை வித்துகள் தண்ணீரில் சின்னஞ்சிறு புழுக்களாகப் பொரிகின்றன என்று ஒருவர் சொன்னதை நம்பி, தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1767-ஆம் ஆண்டுப் பதிப்பில் புழுக்களின் வரிசையில் 'கேயாஸ் ஃபங்கோரம்' என்று ஓர் இனத்தையும் எழுதிவைத்தார். எழுதும்போது அவருக்கு எப்படி இருந்ததோ, அந்தப் பெயரில் இருக்கும் குழப்பம் எனக்குப் பிடிக்கும்.

பூஞ்சைகளுக்குத் தனிப் பேரரசு, அதாவது தாவரம், விலங்கு போல ஒரு தனிப் பெரும்பிரிவு, வேண்டும் என்ற யோசனை நிலைபெற்றது 1969-இல், ராபர்ட் விட்டேக்கரின் ஐந்து பேரரசுத் திட்டத்தில். உணவு பெறும் முறையை அவர் அளவுகோலாக்கினார்: தயாரிப்பவை, விழுங்குபவை, உறிஞ்சுபவை. உறவுமுறை தெளிவானது அதற்கும் பின்னால்தான். 1993-இல் புரத வரிசைகளை ஒப்பிட்ட சாண்ட்ரா பால்டாஃபும் ஜெஃப்ரி பால்மரும், விலங்குகளும் பூஞ்சைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய கிளைகள் என்று காட்டினார்கள். கண்ணால் பார்க்கும் சான்று ஒன்றும் உண்டு. கைட்ரிட் என்னும் நீர்வாழ் பூஞ்சைகளின் வித்து, பின்பக்கம் ஒற்றைச் சாட்டையை அடித்து நீந்தும். விலங்குகளின் விந்தணுவும் அப்படியே. இப்படிப் பின்சாட்டை கொண்ட முன்னோர் ஒருவரிடமிருந்து ஒரு கிளை நம் பக்கமும் இன்னொன்று பூஞ்சைப் பக்கமும் பிரிந்தன.

கல்லூரிகளில் மட்டும் பாகப்பிரிவினை இன்னும் நடக்கவில்லை. பாசி, பூஞ்சை, லைக்கன் என்று ஒரே தாளில், தாவரவியல் துறையில்தான் நான் படித்தேன். இன்றும் பல இடங்களில் அப்படித்தான். விலங்கியல் துறை ஒருநாளும் பூஞ்சையைக் கேட்டு வந்ததில்லை.

தாவரவியல் துறைக்குள் பூஞ்சை இருந்ததில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. உலகப் பூஞ்சையியலில் சென்னைக்கு ஓர் இடம் கிடைத்தது அதனால்தான். டி. எஸ். சதாசிவன் வழிநடத்திய சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலிருந்து வந்தவர் சி. வி. சுப்பிரமணியன். அவர் எடுத்துக்கொண்டது பூஞ்சையியலின் மிகப்பெரிய குப்பைக்கூடையை: அன்று 'முழுமையற்ற பூஞ்சைகள்' என்று அழைக்கப்பட்ட கூட்டத்தை.

அந்தக் கூடை எப்படி உருவானது என்று சொன்னால்தான் அவர் செய்ததன் எடை புரியும். பல பூஞ்சைகளுக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்றில் கலவியில்லாமல் தன்னையே நகலெடுத்த வித்துகளைக் கோடிக்கணக்கில் உதிர்க்கும். ரொட்டியிலும் ஊறுகாயிலும் நாம் பார்க்கும் பச்சை, கறுப்புத் தூள்களில் பெரும்பாலானவை அவைதான். மற்றதில் இரண்டு இழைகள் கலந்து, முற்றிலும் வேறு வடிவில் ஒரு வித்துறுப்பை உண்டாக்கும். இந்த இரண்டாம் வடிவம் வேறு இடத்தில், வேறு பருவத்தில் வரும். சிலவற்றில் நூறு ஆண்டு தேடினாலும் அகப்படாது. வகைப்பாடு முழுக்கக் கலவி உறுப்பை வைத்தே நடந்ததால், அது தெரியாத பூஞ்சைகளெல்லாம் அந்தக் கூடைக்குள் போயின. அங்கே வித்தின் நிறம் என்ன, அதற்குள் எத்தனை தடுப்புகள், நீளமா உருண்டையா என்று பார்த்து இத்தாலியரான சக்கார்டோ அடுக்கிவைத்த முறையே நெடுங்காலம் ஆண்டது. தேடுவதற்கு வசதி. உறவைப் பற்றி மட்டும் அது ஒன்றும் சொல்லாது.

வித்து எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இழையிலிருந்து அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 1953-இல் கனடாவிலிருந்து ஸ்டான்லி ஹியூஸ் எழுதினார். நுனி ஊதிப் பிரிகிறதா, குடுவை போன்ற செல்லின் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளப்படுகிறதா, இழையே துண்டு துண்டாக உடைகிறதா? சுப்பிரமணியன் அந்தத் தடத்தில் 1962-இல் தன் வகைப்பாட்டை வெளியிட்டார். 1971-இல் இந்தியாவின் இவ்வகைப் பூஞ்சைகளைத் தொகுத்து 'ஹைஃபோமைசிடீஸ்' என்ற பெருநூலைக் கொண்டுவந்தார். மரபணு வரிசை பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், நுண்ணோக்கியில் ஒரு வித்து பிறக்கும் கணத்தைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் இவர்கள். அந்த நூலின் கோட்டோவியங்களோடு ஸ்லைடை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இப்போது வரும் வண்ணப் படங்களைவிட அவை தெளிவாக இருப்பதாக எனக்குப் படும்.

இரட்டை வாழ்க்கை என்றால் இரட்டைப் பெயரும் உண்டு. தாவரவியல் பெயரிடல் விதிகளின் 59-ஆம் பிரிவு அதை அனுமதித்தது. நெல்லில் செம்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சையைப் பாருங்கள். 1943 வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய பருவத்தில் பயிரை அழித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். போர்க்கால அரசின் பொறுப்பை அந்த வாதம் குறைத்துக் காட்டுகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த மறுப்பில் எனக்கு நியாயம் தெரிகிறது. பூஞ்சைக்கு வருவோம். 1900-இல் அதன் பெயர் ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே. 1959-இல் பைபோலாரிஸ் ஒரைசே. 1966-இல் நம் சுப்பிரமணியனும் ஜெயினும் அதை டிரெக்ஸ்லெரா ஒரைசே என்றார்கள். இதற்கிடையே அதன் கலவி வடிவத்துக்குத் தனியாக ஒரு பெயர், அதுவும் மாறி, கோக்லியோபோலஸ் மியாபியானஸ் என்று நின்றது. வேளாண் கல்லூரி மாணவர்கள் நாலையும் உருப்போட்டார்கள். நாலும் ஒன்றுதான் என்பது தேர்வுக்கு முந்தைய இரவில்தான் பலருக்குத் தெரியவரும்.

2011 ஜூலையில் மெல்போர்ன் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு பூஞ்சை, ஒரு பெயர். 2013 ஜனவரி 1 முதல் நடைமுறை. நெல் நோய்ப் பூஞ்சைக்கு இன்று பைபோலாரிஸ் நிலைத்திருக்கிறது. அதே மாநாட்டில் விதித்தொகுப்பின் தலைப்பும் மாறியது: தாவரவியல் பெயரிடல் விதிகள் என்பது போய், பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான விதிகள் என்றானது.

இந்த இரட்டைப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை சைக்ளோஸ்போரின் மருந்தினுடையது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து அது. நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமியிலிருந்து எடுத்துவந்த மண்ணில் கிடைத்த பூஞ்சை அதைச் சுரந்தது. கலவி வடிவம் தெரியாத, சாதுவான மண்பூஞ்சையாக டோலிபோகிளேடியம் என்ற பெயரில் அது இருந்தது. 1996-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேத்தி ஹாட்ஜும் அவருடன் இருந்தவர்களும், வண்டுப் புழுவைக் கொன்று அதன் உடலிலிருந்து முளைக்கும் ஒரு கார்டிசெப்ஸ்தான் இது என்று கண்டுபிடித்தார்கள். பூச்சியின் உடலில் வாழ வேண்டிய பூஞ்சை, நோய் எதிர்ப்பை அடக்கும் பொருள் ஒன்றைக் கையில் வைத்திருந்தது. இரண்டு பெயர்களும் இரண்டு அலமாரிகளில் இருந்தவரை இதை யாரும் சேர்த்துப் பார்க்க வழியில்லை.

பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்து, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேரைப் பட்டினியிலும் நோயிலும் சாகடித்த ஃபைட்டோஃப்தோரா அவர்களில் தலையானது. இழை உண்டு, வித்து உண்டு, உறிஞ்சித் தின்னும். பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும் என்று நூறாண்டுக்கு மேல் நம்பினோம். ஆனால் அதன் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. நீந்தும் வித்துக்கு ஒன்றல்ல, இரண்டு சாட்டைகள். மரபணு பார்த்தால் கடலின் பழுப்புப் பாசிகளுக்குப் பங்காளி. பூஞ்சைகளோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை. ஒரே பிழைப்பு ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுத் திருத்தம் இல்லை. மிளகுக்கொடியை வாடவைப்பதும், மலைநாட்டில் பாக்குக் குலையை அழுகவைக்கும் கோலேரோகாவும் ஃபைட்டோஃப்தோராதான். மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியமும் இதே கூட்டம். பூஞ்சணக்கொல்லி என்ற பொதுப்பெயரில் கடையில் கிடைக்கும் கார்பன்டசிம், உண்மைப் பூஞ்சைகளின் உட்புரதம் ஒன்றைப் பிடித்து நிறுத்தும். இவற்றிடம் அது செல்லாது. இவற்றுக்கென்றே உள்ள மெட்டலாக்சில், உண்மைப் பூஞ்சைகளிடம் செல்லாது. தாமிரத்துக்கு மட்டும் இந்தப் பாகுபாடு இல்லை. போர்டோ கலவை இரண்டையும் ஒருசேர அடிக்கும் என்பதால்தான் 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த அது இன்றும் பாக்குத் தோப்புகளில் உயிரோடு இருக்கிறது. அழுகலைப் பார்த்ததும் கையில் அகப்பட்ட மருந்தைக் கொடுக்கும் கடைக்காரரிடம், பித்தியம் பூஞ்சை இல்லை என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்ப்பார்.

புதிதாக அழைக்கப்பட்டு வந்தவர்களின் கதை இன்னும் விசித்திரம். பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரின் நோயை உண்டாக்கும் நோசிமாவுக்கு 1857-இல் பெயர் வைத்த நேகெலி, அதை ஈஸ்ட் போன்ற பூஞ்சைகளோடு சேர்த்தார். பிறகு வந்தவர்கள் ஒருசெல் விலங்கு என்று எழுப்பிக் கொண்டுபோனார்கள். மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று எண்ணியதால், 1980-களில் உட்கருவுள்ள உயிர்களிலேயே ஆதியானது என்ற பட்டமும் கிடைத்தது. கடைசியில் மரபணு வரிசைகள் அதைப் பூஞ்சைகளிடமே கொண்டுவந்து சேர்த்தன. ஆதியானது இல்லை, பிறர் செல்லுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து எல்லாவற்றையும் இழந்த பூஞ்சைக் கிளை. பூஞ்சைகளுக்கு உள்ளேயா, வாசற்படியிலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இந்தச் சர்ச்சைக்கு நேரமில்லை. 1860-களில் பாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோசிமா தெரிந்தால் முட்டைகளை அழித்துவிடுகிறார்கள்.

முன்னால் சொன்ன விதிவிலக்கு, நுரையீரலைத் தாக்கும் நிமோசிஸ்டிஸ். 1909-இல் அதைப் பார்த்த சாகாஸ், தான் ஆராய்ந்துகொண்டிருந்த ட்ரிபனோசோம் ஒட்டுண்ணியின் ஒரு பருவம் என்று எண்ணினார். 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு இதனால் நிமோனியா வந்ததாக வெளியான குறிப்பு, எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கையாக வரலாற்றில் நிற்கிறது. 1988-இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை அது பூஞ்சை என்று உறுதிப்படுத்தியது. சரி, பூஞ்சைக்கான மருந்தைக் கொடுக்கலாமே என்றால், அதுதான் நடக்கவில்லை. அதன் சவ்வில் எர்கோஸ்டெரால் இல்லை. நோயாளியின் கொலஸ்டிராலையே எடுத்துக்கொண்டு வாழ்கிறது. எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு அங்கே பிடிமானம் இல்லை. இன்றும் முதலில் கொடுப்பது பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோலைத்தான். பந்தி மாறியும் பரிமாறுவது மாறவில்லை.

2021-ஐப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அந்த ஆண்டு மே மாதம் தொலைக்காட்சிகள் கருப்புப் பூஞ்சை என்றன. அடுத்து வெள்ளைப் பூஞ்சை, அதற்கடுத்து மஞ்சள் பூஞ்சை. நிறத்தை வைத்து நோயைப் பேசவேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கருப்பு என்று அவர்கள் சொன்ன மியூக்கர் வகைப் பூஞ்சை கறுப்பே இல்லை. தட்டில் வளர்த்தால் பஞ்சுபோல வெளுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் எழும்பும். இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் சதை செத்துக் கறுக்கிறது. வெள்ளை என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் கேண்டிடா, முற்றிலும் வேறு கிளையைச் சேர்ந்த ஈஸ்ட். அளவுமீறிய ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஒரு பக்கம், கோவிட் மறுபக்கம். ஜூன் இறுதிக்குள் நாட்டில் மியூக்கர் நோயாளிகளாகப் பதிவானவர்கள் 40,000-ஐத் தாண்டினார்கள்.

எங்கள் மேசைக்கு வந்தவை மூக்கின் உட்புறத்திலிருந்தும் சைனஸிலிருந்தும் எடுத்த சிறு திசுத்துண்டுகள். ஒரு துண்டை ஸ்லைடில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டினால் மனிதச் செல்கள் கரையும். கைட்டின் சுவர் கரையாது. இழைகள் மட்டும் மிஞ்சி நிற்கும். அங்கே இரண்டே கேள்விகள். மெலிந்த, ஒரே சீரான அகலமுள்ள, குறுக்குச்சுவர்கள் கொண்ட, கூர்ங்கோணத்தில் கிளைக்கும் இழையா? அப்படியானால் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ். அகலமான, ரிப்பன்போல மடிந்து, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைத்து, குறுக்குச்சுவரே அரிதாகத் தெரியும் இழையா? மியூக்கர் வகை. முதலாவதற்கு வோரிகோனசோல் நல்ல மருந்து. இரண்டாவதற்கு அதனால் பயனில்லை. ஆம்ஃபோடெரிசின் வேண்டும், செத்த சதையை வெட்டியெடுக்க வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். தொலைபேசியின் மறுமுனையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காத்திருப்பார். பாடப்புத்தகத்தில் வகைப்பாட்டுப் பண்பாகப் படித்த 'குறுக்குச்சுவர் அற்றது' என்ற இரண்டு சொற்களுக்காக.

அந்தப் பண்பு வளர்ப்பிலும் தலைகாட்டும். திசுவை வளர்ப்பூடகத்தில் வைக்கும்முன் வழக்கமாக அரைப்பதுண்டு. மியூக்கர் சந்தேகம் இருந்தால் அரைக்கக்கூடாது, நறுக்க வேண்டும். குறுக்குச்சுவர் இல்லாத இழை ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளிருப்பது மொத்தமும் வழிந்து செத்துப்போகும். நுண்ணோக்கியில் இழை தெரிந்து, தட்டில் ஒன்றும் முளைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஆம்ஃபோடெரிசின் ஏன் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கிறது என்பதற்கும் விடை உறவுமுறையில்தான். அது எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு பூஞ்சையைக் கொல்கிறது. நம் கொலஸ்டிராலையும் கொஞ்சம் பற்றிக்கொள்கிறது. பாக்டீரியா நமக்கு வெகு தூரத்து ஆள். அதனிடம் மட்டும் இருந்து நம்மிடம் இல்லாத இலக்குகள் ஏராளம். ஆகவே பாக்டீரியாவுக்கான மருந்துகளும் ஏராளம். பூஞ்சைக்கும் நமக்கும் இடையே அப்படி வேறுபடுத்தி அடிக்கக் கிடைக்கும் இடங்கள் சிலதான்: எர்கோஸ்டெரால், செல்சுவர், இன்னும் ஒன்றிரண்டு. படர்தாமரைக்குத் தரும் டெர்பினாஃபைனும் எர்கோஸ்டெரால் தயாரிப்பைத்தான் தடுக்கிறது. அந்த வழியில் ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டு அதற்கு அடங்காமல் போன, நம் நாட்டில் பரவலாக இருக்கும் படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மியூக்கர் வகைகளை நான் படித்தபோது சைகோமைக்கோட்டா என்ற தொகுதியில் வைத்திருந்தார்கள். 2007-இல் டேவிட் ஹிபெட்டும் உலகெங்குமுள்ள பூஞ்சையியலாளர்கள் பலரும் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் அந்தத் தொகுதி காணாமல் போனது. 2016-இல் மியூக்கரோமைக்கோட்டா, சூபகோமைக்கோட்டா என இரண்டானது. பாடநூல்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. பயிர்களின் வேருக்குள் குடியிருந்து பாஸ்பரஸ் எடுத்துக்கொடுக்கும் பூஞ்சைகளும் இந்த மியூக்கர் கூட்டத்துக்கு நெருங்கியவைதான். உழவர்கள் 'வேம்' என்று கிலோக் கணக்கில் வாங்கி இடுகிறார்களே, அவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கல்லாகிப்போன, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகளின் செல்களுக்குள்ளும் இப்படிப்பட்ட பூஞ்சைக் கிளைகள் தெரிகின்றன.

மற்ற பெரிய தொகுதிகள் இரண்டு. பை போன்ற உறைக்குள் வித்து வைப்பவை ஆஸ்கோமைக்கோட்டா: ஈஸ்ட், பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ், படர்தாமரை, நெல்லின் குலைநோய். தெரிந்த பூஞ்சைகளில் பாதிக்கும் மேல் இவைதான். சிறு காம்புகளின் நுனியில் வித்தைத் தாங்கிப் பிடிப்பவை பெசிடியோமைக்கோட்டா. குடைக்காளான்கள் இங்கே. கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானும் இங்கே. கரையான்கள் புற்றுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கும் அதை மனிதர்களால் இன்னும் குடிலில் விளைவிக்க முடியவில்லை. காளானோடு ஒரே தொகுதியில் துருநோய்ப் பூஞ்சைகளும் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தென்பட்டு, பெர்க்லியும் புரூமும் ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்ட துரு, இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்தது. காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தேயிலைத் தொழிலாளர்கள் ஆனது அப்படித்தான். கோதுமைத் துரு தன் கலவிப் பருவத்துக்கு வேறொரு செடிக்குப் போகிறது. காப்பித் துருவுக்கு அப்படி ஒரு செடி இன்றுவரை அகப்படவில்லை.

கல்பாசியையும் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டு மசாலாவில் சேரும் அந்தக் கறுப்புச் சருகு பாசி அல்ல, லைக்கன். பர்மோட்ரீமா என்ற ஆஸ்கோமைக்கோட்டாப் பூஞ்சை, தன் இழைகளுக்குள் ஓர் ஆல்காவைக் குடிவைத்து, அது ஒளியில் தயாரிக்கும் சர்க்கரையில் வாழ்கிறது. லைக்கன் ஒன்றல்ல, இரண்டு உயிர்கள் என்று 1860-களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் கொதித்தார்கள். இன்று விதிப்படி லைக்கனின் பெயர் என்பது அதிலுள்ள பூஞ்சையின் பெயரே. பெரியம்மா காளானை ஒதுக்கினாலும், அவர் கறிக்குழம்புக்கு ஈடு கிடையாது. கல்பாசி இல்லாமல் அவர் தாளித்து நான் பார்த்ததில்லை. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பெயர் பெற்ற பூஞ்சைகள் இப்போது சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 22 முதல் 38 லட்சம் இருக்கலாம் என்று டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ராபர்ட் லூக்கிங்கும் 2017-இல் மதிப்பிட்டார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அதிலுள்ள மரபணுக்கள் அனைத்தையும் வாசித்தால், எந்தப் பெயருக்கும் பொருந்தாத வரிசைகள் குவிகின்றன. உடல் யார் கண்ணிலும் படவில்லை. எழுத்துகள் மட்டும் கணினியில் இருக்கின்றன. ஆர்க்கியோரைசோமைசிஸ் என்ற கூட்டம் இப்படித்தான் பல ஆண்டுகள் வெறும் வரிசைகளாக உலகின் பல மண்களிலும் தென்பட்டது. 2011-இல் ஒன்றை வேரிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டியபிறகே அதற்கு முறையான பெயர் கிடைத்தது. அதன் சொந்தக்காரர்களாக இன்னும் நூற்றுக்கணக்கில் வரிசைகள் எண்களாக நிற்கின்றன.

உடல் இல்லாமல், வரிசையை மட்டுமே சான்றாகக் கொண்டு பெயர் வைக்கலாமா என்ற கோரிக்கை 2018-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரத்துப் பன்னாட்டுப் பூஞ்சையியல் மாநாட்டுக்கு வந்தது, ஏற்கப்படவில்லை. இளையவர்கள் பலருக்கு அதில் வருத்தம். லட்சக்கணக்கில் காத்திருப்பவற்றை ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்துப் பெயர் வைப்பதற்கு நூற்றாண்டுகள் பிடிக்கும் என்ற அவர்கள் கணக்கு சரிதான். என் சாய்வு என்னவோ மறுத்தவர்களின் பக்கம். நோயாளியின் திசுவிலிருந்து வரிசையை மட்டும் படித்து ஒரு பெயரை எனக்குக் கொடுத்தால், அந்தப் பெயரின்மேல் எந்த மருந்தையும் சோதித்துப் பார்க்க முடியாது. தட்டில் வளர்ந்த ஒன்று கையில் இருந்தால், ஆம்ஃபோடெரிசினுக்கு அடங்குகிறதா, வோரிகோனசோலுக்கு அடங்குகிறதா என்று சில நாட்களில் மருத்துவருக்குச் சொல்லிவிடலாம். வளராத மாதிரிகளுக்கு எங்கள் அறிக்கையில் இப்போதும் இப்படித்தான் எழுதுகிறோம்: பூஞ்சை இழைகள் காணப்பட்டன, அகலமானவை, குறுக்குச்சுவர் அரிது, வளர்ப்பில் வளர்ச்சி இல்லை.